நூற்றைம்பதுக்கு மேல் பெய்த மழை

பேராதனையில் மழையையும் மண்சரிவையும் ஆராயும் சிறிய பிரிவொன்றில் சுந்தரிக்கு ஆறு மாத ஒப்பந்தக் கொந்தராத்தில் வேலை கிடைத்திருந்தது. முப்பது வருட மழைத் தரவைக் கணினியில் வாசித்து, கண்டி மாவட்டத்து மலைகளில் எந்த இடத்தில் எத்தனை தடவை ஆபத்தான மழை பெய்திருக்கிறது என்று வரைபடமாக்குவதுதான் வேலை. மழைக்காலம் தொடங்குமுன் எந்தெந்தத் தோட்டங்களில் எச்சரிக்கைத் திட்டத்தை ஆரம்பிப்பது என்று மாவட்டச் செயலகமான கச்சேரியில் தீர்மானிப்பதற்கு அந்த வரைபடம் போக வேண்டும். செப்டெம்பர் இரண்டாவது வாரத்தில் அது போயும்விட்டது.

அனுப்பி ஐந்து நாள் கழித்து, கொஞ்சம் ஓய்வாக இருந்த ஒரு காலையில், சுந்தரி அந்த வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கித் தன் ஊரைத் தேடினாள். கலஹாவுக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டம். அவள் பிறந்து வளர்ந்தது அங்கே கீழ்க்கணக்கில். தோட்டத்தின் கீழ்ப் பிரிவை அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு நேர் மேலே மலைச்சரிவில் மேற்கணக்கு.

வரைபடத்தில் வெள்ளைப்பாறை விழுந்த கட்டம், ஆபத்தில்லை என்று காட்டும் பச்சையாக இருந்தது. மூன்று நாள் மழை சேர்ந்து இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்பது அவர்கள் வைத்திருந்த எல்லை. வெள்ளைப்பாறை முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்த எல்லையைத் தொடவில்லை என்று வரைபடம் சொன்னது.

அவள் எட்டாம் வகுப்பில் படித்த வருடம் ஜனவரியில் மேற்கணக்கில் மண் சரிந்து ஒரு வீடு போனது. அவளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த தோழியும், தோழியின் அம்மாவும் அந்த வீட்டில் இருந்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பெய்த மழையை அவளால் இன்னும் காதில் கேட்க முடியும். அப்படிப்பட்ட மழை இந்தத் தரவில் இல்லையென்றால் எங்கே போனது?

அவள் அந்த வருடத்து ஜனவரியை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தாள். மழைத் தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருந்தது. நாள், அகலக்கோடு, நெடுங்கோடு என்று மூன்று பக்கமும் அடுக்கிய பெரிய பெட்டி போல. பெட்டியின் ஒவ்வொரு சிறு அறையிலும் ஓர் இடத்தில் ஒரு நாள் பெய்த மழை. வெள்ளைப்பாறை அறைகளில் ஏழாம் திகதி 63.5, ஒன்பதாம் திகதி 38 என்று இருந்தது. நடுவில் எட்டாம் திகதி இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்று காட்டும் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும்.

எட்டாம் திகதி காலைதான் மண் சரிந்தது.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். இப்படிப்பட்ட கோப்புகளில் வடக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கவனிக்காமல் வேறொரு ஊரின் மழையை வாசித்துவிடுவது உண்டு. அதைச் சரிபார்த்தாள். பெப்ரவரி இருபத்தொன்பதால் நாட்கள் ஒன்று தள்ளிப் போயிருக்கிறதா என்று பார்த்தாள். அளவு எடுக்கப்படாத நாளுக்குக் கோப்பில் மைனஸ் 9999 என்று போட்டிருப்பார்கள்; அந்த எண் வேறெங்காவது கலந்துவிட்டதா என்று பார்த்தாள். இரண்டு நாள் போனது. எல்லாம் சரியாகவே இருந்தன.

மூன்றாம் நாள் அந்த ஒரு கட்டத்தில் முப்பது வருடத்திலும் உள்ள வெற்றிடங்களை எண்ணினாள். பத்தொன்பது. அவற்றின் திகதிகளைக் காகிதத்தில் எழுதினாள். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. மே மாதத்தில் இரண்டு. பெப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒன்றுகூட இல்லை. முன்னும் பின்னும் பெரிய எண்கள் இருக்கும் இடமாகப் பார்த்து ஒவ்வொரு வெற்றிடமும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பிரிவின் தலைவி கலாநிதி யோகேஸ்வரியின் அறைக்குப் போனாள். யோகேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனைக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"பெருமழை பெய்யிற நாளிலதான் றோட்டு உடையும், மரம் விழும். மழைமானி வாசிக்கிற ஆள் போகேலாது. அதால அந்த நாள் வெறுமையாய்க் கிடக்கலாம். அப்பிடித்தானே?"

"அப்படியும் இருக்கலாம் மேடம். ஆனா..."

"ஆனா எண்டு இழுக்காமச் சொல்லும்."

"எங்க தோட்டத்துல மழைமானி பிள்ளைக்காம்பரா வாசல்லயே இருக்கு மேடம். ரோடு உடைஞ்சாலும் அவங்க வாசிச்சிருப்பாங்க. அந்த எட்டாந்தேதி பெஞ்ச மழ எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

யோகேஸ்வரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உம்மட ஞாபகத்தை வைச்சு நான் அறிக்கையை மாத்தேலாது, சுந்தரி. நாளைக்கே போம். அவை எழுதி வைச்சிருந்தா எண்ணைக் கொண்டு வாரும். எண் வந்தா நான் பாக்கிறன்."

இதைச் சொன்ன குரலில் கடுமை இல்லை. ஆறு மாதக் கொந்தராத்தில் வந்த ஒருத்தியின் சந்தேகத்துக்காக ஒரு முழு நாளைக் கொடுக்கிறாரே என்று சுந்தரிக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் காலை கலஹா பஸ்ஸில் ஏறி, கடைவீதியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் மேற்கணக்குக்குப் போனாள். பிள்ளைக்காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாப்பம்மா பதினொரு பேருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுந்தரியைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"கீக்கணக்குப் புள்ளதானே நீ? கம்பஸ்ல வேலன்னு சொன்னாங்க. வா, உள்ள வா. இந்தச் சின்னவன் வாயத் தொடச்சிட்டு வந்துர்றேன்."

சுந்தரி வந்த காரியத்தைச் சொன்னாள். பாப்பம்மா கையைக் கழுவிவிட்டு, பால்மா டின்கள் அடுக்கியிருந்த அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் உறையில் சுற்றிய நோட்டுக் கொப்பிகளை எடுத்து வந்தார். எட்டுக் கொப்பிகள். பதினான்கு வருடம். முன்பு மழைமானியை வாசித்தவர் தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவர். அவர் போன பிறகு, வாசலிலேயே இருப்பதால் நீயே பார்த்துக்கொள் என்று தோட்ட அலுவலகமான ஒபிசிலிருந்து, அங்கே எழுத்தராக இருந்த கணபதி கிளாக்கர் வந்து கேட்டாராம். அன்றிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு அளப்பார். தீபாவளியன்றும், ஞாயிற்றுக்கிழமையும். எண்ணைக் கணபதியிடம் சொன்னால் அவர் மாதாமாதம் அட்டையில் எழுதி வானிலைத் திணைக்களத்துக்கு அனுப்புவார்.

"ஒபிசுக்குச் சொல்லுறது ஒரு பக்கம். எனக்குன்னு ஒண்ணு எழுதி வச்சிக்குவேன். நாளைக்கு யாராச்சும் நீ தப்பாச் சொன்னேன்னு சொன்னா காட்டணும்ல."

"அக்கா, மேக்கணக்குல மண்ணு சரிஞ்ச வருசம் ஜனவரி எட்டு இருக்கான்னு பாருங்க."

திகதியைக் கேட்டதும் பாப்பம்மா கையிலிருந்த கொப்பிகளை ஒதுக்கி வைத்தார். பிறகு முதல் கொப்பியை எடுத்தார்.

"இத எப்படிமா மறக்குறது. நான் மானியத் தொட்டு ரெண்டாவது மாசம். உள்ள இருக்கிற போத்தல் நெறஞ்சு வழிஞ்சு, வெளி டின்லயும் பாதி தண்ணி. அளக்குற குவளையில இருபத்தஞ்சுதான் புடிக்கும். எட்டுத் தடவ ஊத்தினேன். ஒம்போதாவதுல கொஞ்சம். எனக்கே நம்பிக்க இல்ல. தண்ணியக் கொட்டாம வாளியில வச்சிட்டு ஓடிப்போயி கணபதி கிளாக்கரக் கூட்டியாந்தேன். அவரு மழையில நனஞ்சுகிட்டே நின்னு மறுபடி அளந்தாரு. அதேதான். நாங்க அளந்துகிட்டு இருக்கையிலதான் மேல சத்தம் கேட்டிச்சு."

கொப்பியில் 204 என்று எழுதி, எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

சுந்தரி அந்த இரண்டு கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் காகிதத்தை விரித்தாள். பத்தொன்பது வெற்றிடங்களில் ஒன்பது, பாப்பம்மாவின் பதினான்கு வருடத்துக்குள் வந்தன. ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஒன்பது நாளுக்கும் கொப்பியில் எண் இருந்தது. 168. 172. 159. 181. எல்லாமே பெரியவை.

அடுத்து மறுபக்கமாகத் தேடிப் பார்த்தாள். கொப்பியில் உள்ள மற்றப் பெரிய மழைகளுக்குக் கோப்பில் என்ன இருக்கிறது? மடிக்கணினியைக் குழந்தைகள் தொடாதபடி உயரமான ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பாப்பம்மா 121 என்று எழுதிய நாளுக்குக் கோப்பில் 117.8. கோப்பின் எண் சுற்றியுள்ள பல மழைமானிகளைச் சேர்த்துப் பெற்றது என்பதால் சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். 138க்கு 133.2. 149க்கு 144.6. அதற்கு மேல் 159, வெற்றிடம். 163, வெற்றிடம். நூற்றைம்பது வரை எல்லா மழையும் கோப்பில் இருந்தது. அதைத் தாண்டிய மழை மட்டும் காணாமல் போயிருந்தது.

"என்னம்மா, தப்பா எழுதிருக்கேனா?" என்று பாப்பம்மா கேட்டார்.

"நீங்க ஒண்ணுகூடத் தப்பா எழுதல அக்கா. எங்க பக்கந்தான் தப்பு."

பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து முடித்ததும் பாப்பம்மா அவளுக்குப் பிளேன்டீயும் ரொட்டியும் கொடுத்தார். கொப்பிகளை மறுபடி உறையில் சுற்றும்போது, "பதினாலு வருசத்துல இதத் தொறந்து காட்டுன்னு கேட்டது நீ ஒருத்திதாம்மா. நல்லா இருப்பே" என்றார். நன்றி சொல்ல வேண்டியவள் தானல்லவா என்று சுந்தரி நினைத்துக்கொண்டே ரொட்டியைச் சாப்பிட்டாள்.

கலஹா பஸ் நிலையத்தில் நின்றபடியே மர்சூக்குக்கு அழைப்பு எடுத்தாள். கோப்பை வாசிக்கும் நிரலை முதலில் எழுதியவர் அவர்தான். இரண்டு வருடம் அதே பிரிவில் இருந்துவிட்டு, இப்போது பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பகுதியில் வேலை செய்தார். வேலை மாறிப் போனவரிடம், நீங்கள் எழுதியதில் ஏதோ பிழை என்று எப்படிச் சொல்வது? அண்ணன் என்ற பொருளில் அவரை 'நானா' என்று கூப்பிடும் சுந்தரி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

மறுமுனையில் மர்சூக் முழுவதையும் கேட்டார்.

"நூத்தம்பதுக்கு மேல மட்டுமா? சரியா நூத்தம்பதா?"

"ஆமா நானா. கொப்பியோட வச்சுப் பாத்தா அப்படித்தான் தெரியுது."

"நாளைக்குச் சனிக்கெழம. நான் வாறேன் தங்கச்சி. நீங்க ஒண்ணும் மாத்தாம அப்பிடியே வைங்க."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கலகெதரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், கையில் மீன் வைத்த மாலு பணிஸ் பார்சலோடு. வாரத்தில் கிடைக்கும் அரை நாள் விடுமுறை அது என்பது சுந்தரிக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கோப்ப வாசிக்கிற இந்த மொடியூல் இருக்கே, நாம கேக்காமலே சில வேலையச் செய்யும். இல்லாத எண்ண மறைக்கும். பத்தால பிரிக்கிறதப் பிரிக்கும். இப்ப ஒண்ணும் செய்யாதே, உள்ள இருக்கிறத அப்பிடியே காட்டுன்னு ஒரு வரி போடுங்க. அந்த எட்டாந்தேதியத்தான் முதல்ல பாக்கணும்."

சுந்தரி அந்த வரியைச் சேர்த்து ஓட்டினாள்.

திரையில் 1937 என்று வந்தது. கோப்பில் எண்கள் பத்து மடங்காக எழுதப்பட்டிருந்ததால் அது 193.7 மில்லிமீட்டர். பாப்பம்மாவின் 204க்குப் பக்கத்தில்.

மழை கோப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. வாளியில் எடுத்துவைத்து இரண்டு பேர் இரண்டு தடவை அளந்த தண்ணீர், அட்டையில் எழுதப்பட்டு, யார் யாரோ கணினியில் ஏற்றி, இந்தக் கோப்பு வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. கடைசியாக வாசிக்கும் இடத்தில்தான் மறைந்திருக்கிறது.

மற்ற எட்டு நாளும் அப்படியே. எண்கள் எல்லாம் இருந்தன.

"இப்ப ஏன்னு பாப்போம்" என்றார் மர்சூக். கோப்போடு வரும் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திரையில் விரித்தார். அளவின் பெயர், அலகு, பத்தால் பிரிக்க வேண்டும் என்ற குறிப்பு, இல்லாத நாளுக்கு மைனஸ் 9999. அதற்குக் கீழே சிறியதாக ஒரு வரி: செல்லுபடியாகும் உச்ச எண் 1500.

மர்சூக் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான்" என்றார் மர்சூக் மெதுவாக. "கோப்பச் செஞ்ச யாரோ, ஒரு நாளைக்கு நூத்தம்பதுக்கு மேல பெய்யாதுன்னு நெனச்சிருக்காங்க. டைப் பண்றதுல வாற பிழையப் பிடிக்க ஒரு வேலி. மொடியூல் அந்த வேலியப் பாத்துட்டு, அதுக்கு மேல இருக்கிறத எல்லாம் இல்லாத எண்ணுன்னு மூடுது." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு வருசம் நான் இந்தக் கோப்போட இருந்தேன். ஒரு நாளும் இந்த வரிய வாசிக்கல்ல. அது என்ட பிழை."

"நானா, யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

"இருங்க. இன்னொண்ணும் இருக்கு." நிரலில் கீழே போய், மூன்று நாள் மழையைக் கூட்டும் வரியைக் காட்டினார். வெற்றிடமான நாளை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கூட்டும்படி எழுதியிருந்தது. "ஒரு நாள் இல்லாட்டி மூணு நாள் கூட்டலும் இல்லாமப் போகக் கூடாதேன்னு இப்பிடிச் செஞ்சேன். விட்டுட்டுக் கூட்டினா அந்த நாள் சைபர்தானே."

ஆகவே மலையில் மிக அதிகமாக மழை பெய்த நாள், கணக்கில் மழையே பெய்யாத நாளாகிவிட்டது. வெள்ளைப்பாறை பச்சையாக இருந்ததன் காரணம் அதுதான்.

திருத்துவதில் மர்சூக் அவசரப்படவில்லை. வேலியை எடுத்துவிட்டால் உண்மையான பிழைகளும் உள்ளே வந்துவிடும் என்றார். முழுக் கோப்பிலும் 1500க்கு மேல் இருந்த எண்களைப் பட்டியலிட்டு, இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு எண்கள். அவற்றில் மூன்று, கோடைகாலத்தில் மழையே இல்லாத இரண்டு நாட்களுக்கு நடுவில் மூவாயிரம் மில்லிமீட்டர் என்று கிடந்தன. வேலி போட்டவர் நினைத்துப் போட்டது இவற்றுக்காகத்தான் இருக்க வேண்டும். அந்த மூன்றையும் கையால் நீக்கினார்கள். மற்றவை எல்லாம் உண்மை மழை. மூன்று நாளில் ஒரு நாள் உண்மையிலேயே இல்லையென்றால், கூட்டாமல் 'தெரியாது' என்று சாம்பல் நிறத்தில் காட்டும்படி கூட்டல் வரியை மாற்றினார்கள்.

புதிய வரைபடம் வர நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த நேரத்தில் ஆறிப்போன மாலு பணிஸைச் சாப்பிட்டார்கள். வரைபடம் வந்தபோது இருபத்து மூன்று கட்டங்கள் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தன. வெள்ளைப்பாறை எல்லையைப் பத்தொன்பது தடவை தாண்டியிருந்தது.

திங்கட்கிழமை யோகேஸ்வரியின் மேசையில் சுந்தரி மூன்று தாள்களை வைத்தாள். கொப்பியின் பக்கங்கள், மறைந்திருந்த எண்கள், புதிய வரைபடம். யோகேஸ்வரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். கணினியைத் திருப்பச் சொல்லி 1937ஐத் தானே ஒரு தடவை வரவழைத்துப் பார்த்தார்.

"அறிக்கை போய்ப் பதினொரு நாளாச்சு" என்றார் கடைசியில்.

"ஆமா மேடம்."

"அதில என்ர கையெழுத்து இருக்கு." எழுந்து குடையை எடுத்தார். "வாரும், கச்சேரிக்குப் போவம். போனில சொல்லுற விசயமில்லை இது."

கண்டிக்குப் போகும் பஸ்ஸில் சுந்தரி மூன்று தாள்களையும் மறுபடி மறுபடி சரிபார்த்தாள். கொந்தராத்து டிசம்பரோடு முடிய இருந்தது. பிழை யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? மர்சூக், தேவைப்பட்டால் நானும் வந்து சொல்லுறேன் என்று காலையில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்.

கச்சேரியில் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலர் சிங்களவர், நிதானமானவர். முதல் அறிக்கையின்படி வேலைகள் தொடங்கிவிட்டன என்றார். யார் விட்ட பிழை என்றும் கேட்டார். யோகேஸ்வரி சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்னார்: பிழை எங்களுடையது, என் பிரிவினுடையது, கண்டுபிடித்தது இவர். சொல்லும்போது சுந்தரியின் பக்கம் கையைக் காட்டினார். மர்சூக்கின் பெயரை எடுக்கவில்லை. அலுவலர் இரண்டு வரைபடங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்து மூன்று இடத்தையும் சேர்க்க ஆட்கள் போதாது, இருந்தாலும் பார்ப்போம் என்றார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி, சரி' சொல்லிக்கொண்டே புதியதைக் காகிதக் கோவையில் வைத்தார்.

வெளியே வந்ததும் சுந்தரி, "மேடம், நன்றி" என்றாள்.

"எனக்கேன் நன்றி? உமக்கு நான் சொல்லோணும்" என்றார் யோகேஸ்வரி. "வாரும், பசிக்குது. எங்கயாவது சாப்பிடுவம்."

இருபத்து மூன்றில் பதினைந்து இடங்களுக்குத்தான் அந்த வருடம் திட்டம் போய்ச் சேர்ந்தது. வெள்ளைப்பாறை மேற்கணக்கு அவற்றில் ஒன்று. ஒக்டோபரில் அதிகாரிகள் வந்தார்கள். மூன்று நாள் மழை இருநூறைத் தாண்டினால் பாப்பம்மா யாருக்கு அழைக்க வேண்டும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் பதினேழு குடும்பங்களும் எந்தப் பாதையால் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று காட்டினார்கள். ஒருநாள் ஒத்திகையும் நடந்தது. வெயிலில் மூட்டை முடிச்சோடு நடக்க வைத்தார்கள் என்று பலர் முணுமுணுத்தார்கள்.

டிசம்பர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் 58, இரண்டாம் நாள் 71. மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு பாப்பம்மா 92 என்று எழுதி, மூன்றையும் விரல்விட்டுக் கூட்டி, கணபதியிடமும் கூட்டச் சொல்லி, 221 என்று உறுதியானதும் அழைப்பு எடுத்தார். பத்து மணிக்குள் பதினேழு குடும்பங்களும் வெளிக்கிட்டன. கறுப்பையா என்பவர் மட்டும் பசுவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தொழுவத்திலேயே நின்றார். அது கன்று போடும் நிலையில் இருந்தது, நடக்காது. பாப்பம்மா மழையில் திரும்பிப் போய் அவரைத் திட்டிக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு சுந்தரியின் கைப்பேசி அடித்தது. அவள் பேராதனையில் தன் மேசையில் இருந்தாள்.

"சுந்தரி, பாப்பம்மா பேசுறேன். இன்னைக்கு நூத்தி அறுவத்தி மூணு." மூச்சு வாங்கியது. "மல எறங்கிருச்சும்மா. லயத்துல ஆறு காம்பரா போயிருச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம். எண்ணிட்டேன், ரெண்டு தடவ எண்ணிட்டேன். எல்லாரும் இருக்காங்க."

சுந்தரி கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து யோகேஸ்வரியின் அறைக்குப் போய் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். யோகேஸ்வரி கதிரையில் அப்படியே சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மர்சூக்குக்கு அழைத்தபோது அவர், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பின்னால் தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தம் கேட்டது.

பாதை திறந்ததும் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மர்சூக் தொழிற்சாலை நண்பர்களிடம் சேர்த்த அரிசி, பருப்பு மூட்டைகளை வாடகை வேனில் ஏற்றி வந்தார். வகுப்பறைகளில் வாங்குகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். போன ஆறு வீடுகளில் பாப்பம்மாவுடையதும் ஒன்று. அவர் அதைப் பற்றி அவர்களிடம் சொல்லவே இல்லை, கணபதிதான் சொன்னார். பாப்பம்மா பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

கறுப்பையா சுந்தரியிடம் வந்தார். தொழுவமும் பசுவும் மண்ணுக்குள் போய்விட்டன. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"என் மாடு போச்சும்மா" என்றார். "ஆனா நான் இருக்கேன். எம் பேரப்புள்ள ரெண்டும் இருக்கு. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்." சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சுந்தரி அவருடைய கைகளைப் பிடித்து இறக்கினாள். "ஐயா, கும்புட வேணாம்" என்றாள். அவரோடு சேர்ந்து அவளும் அழுதாள். எட்டாம் வகுப்புத் தோழியைப் பற்றி அவள் அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவளை நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரியில் சுந்தரிக்கு இரண்டு வருடத்துக்குப் புதிய நியமனக் கடிதம் வந்தது. அதே வாரம் திருத்திய அறிக்கை அச்சுக்குப் போனது. கோப்பில் மறைந்த எண்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் இருந்தது, வேறு யாரும் அதே குழியில் விழாதபடி. மர்சூக் அந்த அத்தியாயத்தைத் தானே எழுதித் தந்தார். தன் பிழை எது என்பதையும் எழுதியிருந்தார். யோகேஸ்வரி அதில் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

நன்றி சொல்லும் பக்கத்தை யோகேஸ்வரி எழுதினார். முதல் வரிக்குப் பாப்பம்மாவின் முழுப்பெயரைக் கேட்டுச் சொல்லும்படி சுந்தரியிடம் சொன்னார். சுந்தரி அழைத்துக் கேட்டபோது பாப்பம்மா சிரித்தார்.

"எம் பேரு எதுக்கும்மா புஸ்தகத்துல?"

"போடணும் அக்கா. முதல் பேரு உங்களோடதுதான்."

பின்னணியில் ஒரு குழந்தை அழுதது, பாப்பம்மா அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா கணபதி கிளாக்கர் பேரையும் போடு" என்றார் பாப்பம்மா. "அன்னைக்கு அவரு மழையில நனஞ்சுகிட்டு வந்து மறுபடி அளக்காட்டி, எனக்கே எம் மேல நம்பிக்க வந்திருக்காது."

சுந்தரி இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள்.